பதினேழு நொடிகள்

மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு அக்ரிலிக் தூண்.
உள்ளே மூன்று முறை வடித்த தண்ணீர்,
அடியில் ஊசி.
ஊசிமுனையில் ஒரு குமிழி
பிறக்கலாமா வேண்டாமா என்று தயங்கி,
கழுத்து மெலிந்து,
அறுந்து
ஏறத் தொடங்கும்.

நேராக ஏறாது.
இந்த அளவுக் குமிழிகளுக்கு நேர்வழி தெரியாது.
கடைத்தெருவில் கடன் கொடுத்தவனைக் கண்டவன்போல
இப்படி ஒதுங்கும், அப்படி ஒதுங்கும்,
தன் முதுகுக்குப் பின்னால்
தானே விட்ட சுழல்
தன்னையே தள்ள.

என் மாமனாரை அடக்கம் செய்த அன்று
பாதிரியார் சொன்னார்: மனித வாழ்வு ஒரு நீர்க்குமிழி.
எந்த விட்டம், எந்த நீரில்
என்று கேட்க வாயெடுத்தேன்.
மனைவி காலை மிதித்தாள்.

நான் ஓட்வார். இந்த லேபின் டெக்னீஷியன்.
முன்பு மீன்பிடிக் கப்பல்களில் எஞ்சின் அறை.
சமன்பாடு எனக்கு எட்டாது. கசிவு எட்டும்.
பம்புக்கு உடம்பு சரியில்லை என்றால்
சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.

இங்வில் ஆய்வு மாணவி.
அவள் கணக்குப்படி குமிழி உச்சியைத் தொட
பத்து நொடி.
கேமரா காட்டியது பதினேழு.

செப்டம்பரில் பதினேழு.
ஊசியை மாற்றினோம், பதினேழு.
தண்ணீரை மாற்றினோம்,
முதல் நாள் பதினொன்று, அவள் சிரித்தாள்,
மறுநாள் பதினேழு.

ட்ரான்ஹெய்மில் ஜனவரிச் சூரியன்
பத்து மணிக்கு வந்து, மூன்றுக்குள் கிளம்பிவிடும்,
பகுதிநேர வேலைக்காரன் மாதிரி.
அடித்தள லேபில் அதுவும் கிடையாது.
ரொட்டியும் பழுப்புச் சீஸும் கட்டிய காகிதத்தை
மடித்து மடித்து, அவள் சொல்லாமலே சொன்னாள்:
உன் வால்வில் எண்ணெய் இருக்கிறது.

கோபம் வந்தது.
ஒரு ஞாயிறு முழுக்க
வால்வைக் கழற்றிக் கழுவி
வெள்ளைத் துணியில் பரப்பி வைத்தேன்,
சாட்சி சொல்ல.

பிறகு அவளுக்குக் காய்ச்சல்.
நான்கு நாள் நான் மட்டும், புதுத் தண்ணீர், புதுக் குமிழி.
பத்து.
பத்து.
பத்து புள்ளி ஒன்று.
எனக்குச் சந்தோஷம் வரவில்லை,
திருடனைப் பிடித்த வீட்டில்
திருடன் சொந்தக்காரனாக இருந்தால் எப்படியோ
அப்படி.

திங்கட்கிழமை வந்தாள். கோட்டைக் கழற்றினாள்.
பையிலிருந்து சின்ன ட்யூபை எடுத்து
புறங்கையில் பிதுக்கித் தேய்த்தாள்.
குளிரில் அவள் விரல் மூட்டுகள்
கோடைக்குளத்துச் சேறு மாதிரி வெடித்திருக்கும்.
தேய்த்த கையோடு
மூடியைத் திறந்து, வெப்பமானியை இறக்கினாள்.

மதியத்துக்குள் பதினேழு.

நான் ட்யூபைப் பார்த்தேன்.
நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

பேராசிரியர் குன்வோர் வந்து விளக்கினார்:
சுத்தமான குமிழிக்குத் தோல் வழுக்கும்,
நீர் அதன்மேல் நழுவிப் போகும்.
கண்ணுக்குத் தெரியாத களிம்பு
அடிப்பக்கம் போய்த் தங்கினால்
தோல் இறுகிவிடும்.
பிறகு அது காற்று இல்லை,
மேலே போகிற கூழாங்கல்.

ஏழு மாதம், பதினோராயிரம் குமிழிகள்,
ஒவ்வொன்றின் அடியிலும்
அவள் கையின் மெல்லிய பூச்சு.

அவள் அழுவாள் என்று நினைத்து
காபி போடப் போனேன்.
திரும்பி வந்தபோது
பூதக்கண்ணாடி வைத்து
ட்யூபின் எறும்பெழுத்தை
நோட்டுக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள்:
கிளிசரின், ஷியா வெண்ணெய்,
வாயில் நுழையாத ஆறு பெயர்கள், தொகுதி எண்.

"ஓட்வார், இன்னும் ஒரு ட்யூப் வேண்டும்.
இதே கடை. இதே தொகுதி."

வால்வைப் பற்றி இருவரும் பேசவில்லை.

கடை நிடெல்வா ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம்.
உறைந்தும் உறையாமலும் ஆறு.
கரையோரப் பனித்தகட்டின் கீழே
சிக்கிய காற்று
தட்டையாய், வெள்ளி நாணயம்போல்,
வழி தேடி ஊர்ந்துகொண்டிருந்தது.

நின்றேன்.
கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன்,
எதிலிருந்து எதுவரை என்று
தீர்மானிக்காமலே.