மீதம் பதினொன்று

விக் துறைமுகத்தில், காற்று கதவை
உதைத்துக்கொண்டே இருக்கும் மருந்துக்கடை என்னுடையது.
மேஜைமேல் ஒரு முக்கோணத் தட்டு,
ஓரம் தேய்ந்த பித்தளை.
மாத்திரைகளைக் கொட்டிச் சாய்த்தால்
ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை கட்டும்.
கடைசி வரிசை ஏழா, மொத்தம் இருபத்தெட்டு.
எண்ண வேண்டாம், பார்த்தால் போதும்.

ஆள் வராத மதியங்களில் எனக்கொரு கிறுக்கு:
ஏதாவது ஓர் எண்ணை எடுத்து
அதை மிச்சமின்றி வகுக்கும் முக்கோணங்களைத் தேடுவேன்.
முப்பது தாராளமான எண்.
மும்மூன்றாய்ப் பிரியும், ஆறாறாய், பத்துப் பத்தாய்,
பதினைந்து பதினைந்தாய் இரண்டு தட்டு.
தொண்ணூறுக்கு இன்னும் பெரிய மனசு,
நாற்பத்தைந்தையும் உள்ளே விடும்.
இருபத்தெட்டு பிடிவாதக்காரி.
மூன்றால் வகுத்தால் ஒன்று உதிரும்,
ஆறால் என்றால் நான்கு,
பத்தால் என்றால் எட்டு வாசலில் நிற்கும்.
இருந்தால் எல்லாம் ஒரே முக்கோணம்,
பிரிந்தால் ஒவ்வொன்றும் தனி.

இன்னஸ் வருவார், மனைவி இஷ்பெல்லுக்காக.
முதலில் மூன்று மாதச் சீட்டு: எண்பத்து நான்கு.
அதற்குள் மூன்று, ஆறு, இருபத்தொன்று, இருபத்தெட்டு
எல்லாம் குடியிருந்தன.
அக்டோபரில் டாக்டர்
ஒரு மாதத்துக்கு மட்டும் எழுதினார்.
இன்னஸ் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் வெள்ளை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தட்டில் ஏழு வரிசையும் என்றைக்கும்போல
அழகாக நின்றன. புட்டியை மூடிக் கொடுத்தேன்.

நேற்று புட்டி திரும்பி வந்தது.
ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குத் தரக்கூடாது.
எண்ணி, பதிவேட்டில் எழுதி, அழிக்க வேண்டும்.
கொட்டினேன்.
நான்கு வரிசை நிறைந்தது.
ஐந்தாவதில் ஒன்றே ஒன்று,
மூலைக்கு உருண்டு போய் நின்றது.

"எத்தனை?"
"பதினொன்று."
அவர் விரல்கள் மேஜை விளிம்பில் நகர்ந்தன,
பதினேழு வரை.
"செவ்வாய்க்கிழமை காலையிலும் போட்டுக்கொண்டாள்.
அப்படியானால் கணக்குச் சரி" என்றார்.
தொப்பியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

பதினொன்றை வகுக்கும் முக்கோணம் ஒன்றுதான். அது ஒன்று.
புள்ளி அளவு ஒரு முக்கோணம்,
எந்த எண்ணும் கடைசியில் அதனிடம்தான் வரும்.

கதவைக் காற்றே சாத்தியது.
தட்டைத் தகரப் பெட்டிக்குமேல் சாய்த்தேன்.
பத்தும் ஒரே சத்தத்தில் விழுந்தன.
பதினொன்றாவதற்கு
இன்னொரு முறை சாய்க்க வேண்டியிருந்தது.