காரணம்: இதர

விடுப்புப் படிவத்தில் நான்கு கட்டங்கள்:
நோய், சாவு, இராணுவம், இதர.
இதரவில் புள்ளி வைத்தேன்.
விவரம் கேட்ட கோட்டில்
கடவுள் ஆற்றில் இறங்கிய நாள் என்று எழுதி
அழித்துவிட்டு
குடும்ப நிகழ்ச்சி என்றேன்.
பொய் இல்லை அது.

ஓலு நகரம், காலை எட்டரை.
கதிர் வந்தபின்தான் எங்கள் நாட்டில் மணி ஒன்று.
இங்கே அது பத்துக்கு வரும்,
வாடகை பாக்கிக்காரன்
வீட்டுக்காரர் வாசலைக் கடப்பதுபோல
குனிந்து, ஓரமாக.
அப்படியானால் நான் விழித்திருக்கும் இந்த நேரத்துக்கு
என்ன பெயர்?

நேற்று நோன்பு.
பக்கத்து அறையில் யாரோ மீன் பொரித்தார்கள்.
கதவடியில் துண்டை அடைத்தேன்.
வாசம் துண்டையும் படித்துவிட்டு உள்ளே வந்தது.

நாங்கள் மூன்று பேர்.
கரிச்சேற்று மண்ணைப் படிக்க வந்த டீக்கன் நான்.
முதியோர் இல்லத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து
தூங்காமல் வந்த ஸிகெரெடா.
எட்டாம் நம்பர் பஸ் ஓட்டும் மெத்ஹானே;
எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரன்.
என் அப்பாவும் அவன் அப்பாவும்
ஒரே மலையின் இரு சரிவுகளில்
துப்பாக்கியோடு படுத்திருந்த வருடம் ஒன்று உண்டு.
நாங்கள் பஸ் நேரம் பற்றிப் பேசுவோம்.
பாடும் மொழி இருவருக்கும் தாய்மொழி அல்ல.
நல்லதாய்ப் போயிற்று.

பேழை இல்லை. வெல்வெட் குடை இல்லை.
ஊன்றிநின்று பாட ஒரு கோல் வேண்டும்;
பழைய சாமான் கடையில்
இரண்டு யூரோவுக்கு ஒற்றைப் பனிச்சறுக்குக் கோல் கிடைத்தது.
அதன் ஜோடி எங்கே சறுக்கிக்கொண்டிருக்கிறதோ.
கிலுக்குக்குப் பதில் மெத்ஹானேயின் சாவிக்கொத்து.
முரசுக்கு, காட்டுப்பழம் பறிக்கும் மஞ்சள் வாளி.
குருவானவர் ஹெல்சிங்கியில்.
மூவருக்காக அறுநூறு கிலோமீட்டர் வாருங்கள் என்று
எப்படிக் கேட்பது?

ஆறு உறைந்து கிடந்தது, லாரி போகலாம்.
குளிர்நீச்சல்காரர்கள் வெட்டிவைத்த சதுரத்தில் மட்டும் தண்ணீர்.
அது மூடிக்கொள்ளாதிருக்க
அடியில் ஒரு பம்ப் ஓயாமல் முனகியது.

குளிர்ச்சட்டைமேல் வெள்ளைத் துணி போர்த்தினோம்.
பனிமேல் வெள்ளை.
தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு
மூன்று முகங்கள் மட்டும் தெரிந்திருக்கும்.

ஆண்டவரே இரங்கும், நாற்பத்தொரு முறை.
விரற்கணுவில் எண்ணுவது வழக்கம்;
கையுறைக்குள் கணு அகப்படவில்லை.
முப்பதாயிருக்கலாம், ஐம்பதாயிருக்கலாம்.

பிறகு என் வரி:
ஜெபத்துக்கு எழுந்து நில்லுங்கள்.
நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.
அடுத்தது குருவின் வரி,
உங்கள் அனைவருக்கும் சமாதானம்.
அதை நான் சொல்லக் கூடாது.
சொல்லத் தெரியாமல் அல்ல,
ஏழு வயதிலிருந்து கேட்கும் காது இது.
நிறுத்தினேன்.
சாவிகள் நின்றன.
பம்ப் மட்டும்.

அப்போது அந்தச் சதுரத்துக்குள்ளிருந்து
கம்பளித் தொப்பி ஒன்று எழுந்தது.
தொப்பிக்குக் கீழே ராய்மோ,
நண்டுபோல் சிவந்த உடம்பு,
ஏணிப்படியில் ஒரு கால்.
எங்களைப் பார்த்தார். கோலை. வாளியை.
தன் முறைக்குக் காத்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்.
"ரவுஹாஸ்ஸா வான்" என்றார்,
துண்டை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அவசரமில்லை, மெதுவாக என்பார்கள் அதற்கு.
பஸ்ஸில் சில்லறை தேடும் கிழவர்களிடம்
மெத்ஹானே தினமும் சொல்வதுதான்.
அவன்தான் என் பக்கம் திரும்பி
மெல்லச் சொன்னான்:
"ரவுஹா என்றால் சமாதானம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சட்டப்படி இது எதுவும் ஆகாது.
ஸிகெரெடா கண் மூடியிருந்தாள், பாதித் தூக்கம்;
பழக்கத்தில் வாய் பதில் சொல்லிவிட்டது:
உம் ஆவியோடும் இருப்பதாக.

தண்ணீர் புனிதமானதா, தெரியாது.
மூவரும் மண்டியிட்டு அள்ளித் தலையில் விட்டோம்.
கரையேறுமுன் முடி உறைந்து
ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தது,
சாவிக்கொத்தைவிட நன்றாக.

பன்னிரண்டுக்கு மெத்ஹானேக்கு வண்டி.
பின் இருக்கையில் ஸிகெரெடா தூங்கினாள்,
மடியில் மஞ்சள் வாளி.
என் போன் அதிர்ந்தது:
விடுப்பு ஏற்கப்பட்டது.
தவறிய ஆய்வகத்தை
வியாழனன்று ஈடுசெய்யவும்.