கடிகாரத்தின் ஊர்

நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில், பாறை விளிம்பில்
ஒரு மீன்பெட்டிக்குள் கணினி தூங்குகிறது.
சூரியத்தகடு சிறியது. பேட்டரி அதைவிடச் சிறியது.
நாளெல்லாம் விழித்திருக்க அதற்கு வசதியில்லை.

நான்கு நாற்பதுக்கு எழு,
கிட்டிவேக் பறவைகளின் விடியல் சச்சரவை
அரைமணி பதிவு செய்,
மறுபடி தூங்கு:
டல்சி கரீன் கேட்டது அவ்வளவுதான்.

பதினோரு நாள் கழித்து ஏறிப்போனாள்.
பதினோரு கோப்புகள். ஒன்றிலும் விடியல் இல்லை.
எல்லாம் இரவு இரண்டு பத்து.

அவளுக்கு மணி என்றால் ஊர் மணி.
போர்டில் பட்டன் பேட்டரியோடு ஒட்டிக்கிடக்கும் கடிகாரத்துக்கோ
கிரீன்விச்தான் ஊர், வேறு திசை தெரியாது.
இவள் எழுதிய நான்கு நாற்பதைத்
தன் நான்கு நாற்பதென்றே எடுத்துக்கொண்டது.
சொன்னதைச் சொன்னபடி செய்கிறவனிடம்
எப்படிக் கோபித்துக்கொள்வது?

வித்தியாசத்தைக் கூட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்தாள்.
மறுநாள் நான்கு பத்துக்கு எழுந்திருந்தது.
அரைமணி எங்கே?
நிரலை எழுதிய எவனோ முழுமணி ஊர்க்காரன்.
கோடையில் இரண்டரை மணி பின்தங்கி நிற்கும் ஒரு கரையை
அவன் கேள்விப்பட்டிருக்கவில்லை.
பின்னத்தை முழு எண் தின்றுவிட்டது.
"நாம எப்பவுமே அரைமணி தள்ளித்தானே,"
மைத்துனன் லியாண்டர் சிரித்தான்,
தூண்டில் பெட்டியிலிருந்து தலையை எடுக்காமல்.

மணியை விட்டுவிட்டு
நிமிடத்தில் கணக்குப் போட்டாள்: நூற்றைம்பது.
கடிகாரத்தில் ஏழு பத்து.
பாறையில் நான்கு நாற்பது.
நவம்பரில் இது இருநூற்றுப்பத்தாகும் என்று
ஒரு துண்டுத்தாளில் எழுதி மூடிக்குள் ஒட்டினாள்,
தன் ஞாபகத்தை அவ்வளவாக நம்பாமல்.

வீட்டில்,
அந்தப் பதினொன்றையும் அழிக்கப்போன விரல்
சும்மா ஒன்றைத் திறந்தது.

காற்று. கீழே கடல்.
பிறகு காலடி மண்ணுக்குள்ளிருந்து
யாரோ அடக்க முடியாமல் சிரிப்பதுபோல்.
பெட்ரல்கள்.
பகலெல்லாம் கடலில் இருந்துவிட்டு
இருட்டின பிறகே வளைக்குத் திரும்புகிறவை.
நாற்பது வருடமாக அந்தப் பாறைக்குக் கீழ்தான் குடியிருக்கிறாள்,
அந்த நேரத்தில் ஒருநாளும் விழித்ததில்லை.
தேநீர் ஆறிற்று.
இரண்டாவதைத் திறந்தாள்.

ஒரே ஒரு அலாரம்தான் வைத்துக்கொள்ளும் அந்தக் கடிகாரம்.
எனவே விடியல் முடிந்து கண் மூடுமுன்
அடுத்ததைத் தானே எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

என்ன எண் என்று
நூற்றைம்பதைக் கூட்டிப் பார்த்தாள்,
கூட்டியதும் தனியாகச் சிரித்தாள்:
நான்கு நாற்பது.

அதே எண்.
இந்த முறை தெரிந்தே.