அரை

பீல் நகரத்து மருத்துவமனை, இரண்டாம் மாடி.
மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் உரைபெயர்ப்பாளர் நான்.
சொன்னதைச் சொல்லவேண்டும், சொல்லாததை விழுங்கவேண்டும்,
கேட்டதைக் கதவடியில் விட்டுப் போகவேண்டும்.
ஆகவே பெயரை மாற்றியிருக்கிறேன்:
தவயோகன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வயது நாற்பத்தாறு.
ஏரிக்கரை உணவகமொன்றில் பாத்திரம் கழுவி,
பிறகு கிழங்கு சீவி,
இப்போது மீன் பொரிக்கிறவர்.
"வருத்தம் ஒண்டும் இல்லை. கடிதம் வந்தது, வந்தனான்."

தாதி நாடாவை உதறி எடுக்கிறாள்.
முதலில் டால்யெ, பிறகு ஹூஃப்டெ.
அவளிடம் இரண்டு சொல்.
என்னிடம் இடுப்பு.
பிள்ளையைத் தூக்கி வைப்பதும் இடுப்பில்,
சாவிக்கொத்தைச் செருகுவதும் இடுப்பில்.
இடை என்று சொல்லலாம்தான்,
மீன் பொரிக்கிறவரிடம் எந்த வாயால் சொல்ல?
இல்லை இல்லை என்றே
ஈராயிரம் வருடம் பாடிய உறுப்பு அது.

"மேல் இடுப்பைக் கீழ் இடுப்பால் பிரிச்சால் வாற எண், அண்ணை."
கணக்குப் பாடத்துக்குப் பயந்த பையனாக
அவர் என்னைப் பார்க்கிறார்.

நாடா தொப்புளுக்கு மேலே சுற்றி வருகிறது.
வயிறு உள்ளே போய்விட்டது.
மூச்சை விடச் சொல், என்கிறாள்.
"மூச்சை விடுங்கோ அண்ணை."
விடவில்லை.
ஜன்னலுக்கு அப்பால் ஒரு பேருந்து நின்று, ஆட்களை இறக்கி, போயிற்று.
"விடுங்கோ."
தொண்ணூற்றெட்டு.

மருத்துவர் ஆஷ்லிமன் நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார்.
எங்கள் ஆண்களுக்கு எல்லை தொண்ணூற்றுநான்கு,
உங்கள் நாட்டவருக்குத் தொண்ணூறு.
"இதிலையுமோ எங்களுக்கு வேற எல்லை?"
அதையும் பெயர்த்தேன்.
ஜெர்மனில் அது பகிடியாக வரவில்லை.

இருட்டறை. கழுத்தில் குளிர்ந்த பசை.
திரையில் சாம்பல் நிறத்தில் இரண்டு கரை,
நடுவே கறுப்பாக ஓடுகிறது அவருடைய நாற்பத்தாறு வருடம்.
கரையின் தடிப்பை மருத்துவர் இரண்டு புள்ளி வைத்து அளக்கிறார்.
ஒரு மில்லிமீட்டருக்கு மயிரிழை குறைவு.
நோய் என்று சொல்லமாட்டேன், என்கிறார்,
நோய் வந்து பார்த்துவிட்டுப் போன வீடு.
(அவர் சொன்னது அப்படியில்லை.
"ஆரம்பக் குறி" என்றார். என் வாயில் அப்படி வந்துவிட்டது.)

"மீன் பொரிக்கலாமோ எண்டு கேளுங்கோ."
பொரிக்கலாம்.
"தின்னலாமோ?"
மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அதை நான் பெயர்க்கத் தேவைப்படவில்லை.

வீட்டில் நாடா இல்லாவிட்டால் பரவாயில்லை, என்றார்.
உங்கள் உயரத்துக்கு ஒரு நூல் எடுங்கள்.
இரண்டாய் மடியுங்கள். பாதி நூல்
வயிற்றைச் சுற்றிவர வேண்டும்.

அப்போதுதான் அந்தச் சொல்
எங்கேயோ கிடந்து எழும்பி வந்தது.
"உயரத்தில அரை,
அரைக்குக் காணவேணும் அண்ணை."
ஒரு கணம் பேசாமல் இருந்தார்.
பிறகு சிரித்தார், கழுத்துப் பசையோடு.
"ஓ, அரைஞாண் கணக்கு!"
என்ன சொன்னாய் என்று தாதி கேட்டாள்.
நீங்கள் சொன்னதைத்தான், என்றேன்.

அன்றிரவு, கழுவாத சட்டிகளுக்கு நடுவே,
பொதி கட்டும் நூலில் என் உயரத்தை வெட்டினேன்.
வயது ஐம்பதுக்கு ஒன்று குறைய,
இரண்டு ரயிலுக்கு நடுவே பணிஸ் தின்று வளர்த்த உடம்பு.
மடித்தேன். சுற்றினேன்.
கிட்டத்தட்டப் போதும்போல இருந்தது.
யாரும் பார்க்காத சமையலறையில்
நானும் வயிற்றை இழுத்துப் பிடித்திருந்தேன்.
மூச்சை விடு, என்றேன்.
இரண்டு மொழியிலும் சொல்லவேண்டியிருந்தது.

நூலின் இரண்டு நுனிக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி.
அந்தச் சொல்லை
அதுவரை நான் பிரித்து வாசித்ததில்லை.

காலை எட்டரைக்குப் பிரசவ விடுதியில் வேலை.
நூலைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டேன்.