சுழி புள்ளி எட்டு

மதகுக்குக் கீழே மூன்றாவது தூணில்
அரசாங்கச் சிவப்பில் எண்கள்.
அதைப் படித்த பிறகுதான்
காரின் கூரையிலிருந்து படகை அவிழ்ப்போம்.

சுழி புள்ளி மூன்று என்றால்
ஆறு இல்லை, பாறைகளின் கூட்டம்தான்.
படகின் அடிவயிறு
தேய்ந்த பிரேக் மாதிரி கத்தும்.
ஹுய் மின் அப்போதும் இறங்குவாள்.
"பிளாஸ்டிக்தானே, தேயட்டும்" என்பாள்.
உருக்கி ஒட்டுவது நான்.

ஐந்தில் ஒரு நாக்கு நீளும்,
பச்சையாய், வழவழப்பாய்.
படகின் மூக்கை அதில் வைத்தால்
கொஞ்சம் யோசித்துவிட்டுத் துப்பிவிடும்.

எட்டுதான் எங்களுக்கு.
எட்டில் தண்ணீர் கல்லைத் தாண்டி விழுந்து
விழுந்த இடத்திலேயே மனசு மாறி
வந்த வழிக்குத் திரும்பப் பார்க்கும்.
அந்த மடிப்பில் ஏறி உட்கார்ந்தால்
ஆறு முழுக்கக் கோலாலம்பூருக்குப் போகிறது,
நான் மட்டும் போகவில்லை.
மூக்கை அமுக்கினால் வால் எழும்,
வால் விழுந்தால் மூக்கு.
வானம், நுரை, வானம்,
தாபூர் மலையின் வெள்ளைப் பல்வரிசை, நுரை.
சர்வின் கரையிலிருந்து எண்ணுவான்: மூணு, நாலு.
நாலரை என்று நான் வாதாடுவேன்.

தமிழ்ப்பள்ளியில்
சுழி என்றால் ஒன்றுமில்லை என்றார்கள்.

ஒன்று புள்ளி இரண்டில்
மடிப்பு வாயாகிவிடும்.
போன நவம்பரில் ஒரு முழு வாழைமரம்
அந்த வாயில் சிக்கி
நாற்பது நிமிடம் உருண்டதை
ரொட்டி சானாயைப் பிய்த்தபடி பார்த்திருந்தோம்.
யாரும் கயிற்றை அவிழ்க்கவில்லை.
வழியில் பெட்ரோல் போடும்வரை
யாரும் பேசவுமில்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை
தண்ணீர்ப் புகார்ப் பிரிவில் எனக்கு வேலை.
மூணு நாளா வரலம்மா.
லோரி எப்ப வரும்?
பால் கலக்கப் போத்தல் தண்ணி வாங்குறோம்,
அந்தக் காச யாரு குடுப்பா?
மன்னிக்கவும், உங்கள் கணக்கு எண்ணைச் சொல்லுங்கள்.

மார்ச்சில் மதகை இறுக்கி மூடினார்கள்.
தூணின் அடியில் பாசி காய்ந்து
அப்பளமாய் உரிந்தது.
செந்தூலில் நாலாவது மாடிக்கு
நாளுக்கு ஆறு வாளி சுமந்தேன்.
துடுப்புப் போட்ட தோள் அதற்காவது உதவியது.
அலுவலகத்தில் சொல்ல முடியாத ஒன்று:
குழாய்க்காக வேண்டிக்கொண்டேன்,
பிறகு, குரலைத் தாழ்த்தி,
மதகுக்காகவும்.

ஏப்ரல் கடைசிச் சனி, எட்டு.
பசியாறாமல் ஓடினோம்.
ஆறாவது தடவை கவிழ்ந்தபோது
துடுப்பைத் தண்ணீர் பிடுங்கிக்கொண்டது.
கையால் நிமிரப் பார்த்தேன், இரண்டு முறை.
மூன்றாவதற்கு மூச்சு இல்லை.
ரப்பர் பாவாடையின் வாரை இழுத்து
வெளியே விழுந்தேன்.
சர்வின் வீசிய கயிறு
ஹுய் மின் முகத்தில் பட்டது.
படகு கிடைத்தது. இடது செருப்பும்.
துடுப்பு மட்டும் நகரத்தைப் பார்க்கப் போய்விட்டது.

செவ்வாய் மதியம், சாப்பாட்டு நேரம்,
என் சொந்தக் கைபேசியில்
கெராமாட்டிலிருந்து பாக் சிடெக் என்பவர்.
ஒரு பெரிய கரண்டி ஒதுங்கியிருக்கிறதாம்,
இரண்டு பக்கமும் கரண்டி,
நடுவில் நகப்பூச்சில் இந்த எண்.
என்னுடையதுதான் என்றேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு கேட்டார்:
"வீட்டுக்குப் பின்னால் ஆறு இவ்வளவு போகிறது,
குழாயில் காற்றுதான் வருகிறது.
மேலே என்னதான் செய்கிறீர்கள்?"

கையில் பாதிச் சோறு.
வாய் தானாகவே சொன்னது:
மன்னிக்கவும், உங்கள் கணக்கு எண்?

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
துடுப்பில் இருந்த என் எண்ணை
ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார்:
சுழி, ஒன்று, ஆறு...