ஒன்பதாம் நிபந்தனை

சுவரில் ஆணி அடிக்கலாகாது.

நொத்தாரிசு கந்தோரின் மின்விசிறிக்குக் கீழே
தாள் பறக்கப் பறக்க
விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒப்பமிட்டேன்.
ஆறு மாத முற்பணம்,
காதில் கிடந்ததை அடகு வைத்து எடுத்த காசு.
அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை.
"எங்கடை ஆக்கள்தானே பிள்ளை" என்றார் பத்தினாதன்,
வீட்டுத் திறப்புகளைக் காவிக்கொண்டு திரிபவர்.

கொக்குவிலில், தண்டவாளத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி
மேல்மாடி.
இரண்டு அறை எனக்கும் மகளுக்கும்.
மூன்றாவது பூட்டியது.
உள்ளே ஓர் அலுமாரி, நான்கு பித்தளைக் குடம்,
யாரோ இருந்து எழும்பிய சக்கர நாற்காலி.
திறப்புத் துவாரத்தால் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

நில அளவைக் கந்தோரில் படம் கீறுகிறவள் நான்.
அரைக் குழி நிலத்துக்கு அடிபட்டு வரும் அண்ணன் தம்பிக்கு
எல்லைக் கோட்டைக் கூராக்கிக் கொடுப்பேன்.
இந்த வீட்டில் என் எல்லை எதுவென்று
கீறிப் பார்த்ததில்லை.

வாசலில் கமெரா.
கண் கொக்குவிலில், இமை ஸ்காபரோவில்.
இரவு பதினொன்றுக்கு வட்ஸ்அப்பில் குரல் வரும்:
"பிள்ளை, கராஜ் லைட் எரியுது."
"பிள்ளை, சைக்கிளோடை நிக்கிற அந்தப் பெடியன் ஆர்?"
தம்பி, என்று எழுதினேன்.
எழுதிவிட்டு நித்திரை வரவில்லை.
பதில் சொன்னது கடமையா, பயமா?

கடமையில் நான் குறை வைக்கவில்லை.
வாடகை ஐந்தாம் திகதி.
தாங்கிக்குள் இறங்கி
செத்த ஓணானை அள்ளி எடுத்தவள் நான்தான்.
மலக்குழி நிரம்பி மணத்தபோது
பவுசர்க் காசு ஆர் தருவதென்று
மூன்று கிழமை இழுபட்டது. நிபந்தனையில் அது இல்லை.
இந்தச் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே
தண்ணீருக்கு உறுதி வாசிக்கத் தெரியாது,
குழியில் இருப்பது கிணற்றுக்குப் போகும்.
கீழ்வீட்டில் கைக்குழந்தை.
நானே கட்டினேன்.

நுளம்புவலையின் ஒரு மூலை யன்னல் கம்பியில்,
ஒரு மூலை கதவுக் கொண்டியில்,
மற்ற இரண்டையும் கதிரைகள் பிடித்துக்கொண்டு நின்றன.
மகள் புரண்டால் கதிரை விழும்.
மார்கழியில் அவளுக்கு டெங்கு.
பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தார் தர்மகுலசிங்கம்.
விடியப்புறம், தட்டாமல்,
தன் திறப்பால் திறந்துகொண்டு.
நான் ஈரத்தலையோடு குசினியில்.

தேத்தண்ணி குடித்தபடி சொன்னார்:
"அங்கை எங்கடை அப்பார்ட்மென்ட்காரன்
இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு முன்னம்
எழுத்திலை தராமல் உள்ளுக்கை வரேலாது. சட்டம்."
"நீங்களும் வாடகைக்கோ?"
"இருபத்தாறு வருசம்," என்றவர்
கையில் கிடந்த திறப்பைப் பார்த்தார்.
பிறகு அதைச் சேட்டுப் பைக்குள் போட்டார்.

அன்றிரவு நுளம்பு அவரையும் விடவில்லை.
பத்தரை மணிக்குப் பூட்டறைக்குள்
டக், டக், டக், டக்.
நான்கு ஆணி.

காலையில் நிபந்தனைத் தாளை நீட்டினேன்.
ஒன்பதாவதன் கீழே என் படக் கையெழுத்தில்:
நுளம்புவலைக்கான ஆணி நான்கு நீங்கலாக.
அடுத்த வரியில்: முற்பணம் பெற்றுக்கொண்டேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு,
முதல் வரிக்கு ஒப்பமிட்டார்.
"மற்றதைப் பத்தினாதனிட்டைக் கேளும்."

கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூன்று ஆணி சீமெந்தில் மல்லுக்கட்டி இறங்கின.
நான்காவது ஓர் அடியிலேயே உள்ளே போனது.
சுரண்டிப் பார்த்தேன்:
பெயின்ற்றுக்குக் கீழே, பற்பசை வைத்து அடைத்த
பழைய ஆணித் துளை.
எனக்கு முன் இருந்தவள், அல்லது இருந்தவன்,
ஒருவரிடமும் கேட்காமல் அடித்திருக்கிறாள்.