சட்டை நனையாத கிண்ணம்

உங்களைப் பாதித்தவர்கள் யாரென்று கேட்டேன்.
கண்காட்சிக் கையேட்டுக்கு ஒரு பத்தி வேண்டும்.
கொரியா என்பாள், ஜப்பான் என்பாள் என்று
பேனாவைத் திறந்தே வைத்திருந்தேன்.

தாக்னி கோஃபூத் சக்கரத்தை நிறுத்தவில்லை.
"பாத்திரம் கழுவும் எந்திரம்" என்றாள்.

பதினொரு வருடம் கப்பலில் எச்சில் தட்டு கழுவியவள்.
போர்ன்ஹோம் தீவிலிருந்து சுவீடன் கரைக்கு,
மறுபடி தீவுக்கு. ஒரு நாளைக்கு நாலு நடை.
காபிக் கறை எங்கே ஒளியும்,
எந்த விளிம்பு முதலில் சில்லு தெறிக்கும்,
கவிழ்த்து அடுக்கினால்
எந்தக் கிண்ணத்தின் அடிவளையத்தில் குளம் கட்டி நின்று
நிமிர்த்துகிறவன் சட்டையை நனைக்கும்:
எல்லாம் ஈரக்கையால் படித்தது.

அப்புறம் பிரேபன், சமையல்காரன்.
வலையிழுக்கும் எந்திரத்துக்கு மூன்று விரலைக் கொடுத்தவன்.
மிச்சம் இரண்டால் அவன் கோப்பை தூக்குவதைப் பார்த்துத்தான்
கைப்பிடியை மேலே ஏற்றி ஒட்டத் தொடங்கினாளாம்.
"அவன் பேரை எழுதிக்கொள்."
எழுதிக்கொண்டேன்.

முப்பத்தாறு வயதில் சம்பளத்தை விட்டாள்.
ஹெர்ரிங் மீனுக்குப் புகைபோட்ட பழைய கொட்டகையில் சூளை.
அவள் கோப்பையில் டீ குடித்தால் மீன் வாடை என்று
ஊர் சிரித்தது. வாதாடவில்லை.
மூன்றாம் வருடம் மெருகு வெடித்து
நூற்று நாற்பது கூஜா, ஒரே சூட்டில், வலைவலையாய் விரிசல்.
தண்ணீர் ஊற்றினால் வியர்த்தன.
அழுதீர்களா என்றேன்.
"வங்கிக்குப் போன் செய்தேன்."

கூஜாவுக்கு வாய் வைப்பதுதான் சிரமம்.
ஊற்றத் தெரிந்தால் போதாது,
சொட்டாமல் நிறுத்தவும் தெரியவேண்டும் வாய்க்கு
என்றாள், என்னைப் பார்த்து.

கையேட்டில் கடைசியில் கொரியா என்றே அச்சானது.
ஆசிரியர் மாற்றினார். நான் தடுக்கவில்லை.

பிப்ரவரியில் அதே கப்பலில் போனேன்.
கம்பெனி அவளிடம் அறுநூறு கிண்ணம் வாங்கியிருந்தது.
பால்டிக் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து எழுந்தது.
எதிர் மேசையில் ஒரு லாரிக்காரர், பட்டாணி சூப்.
கிண்ணம் ஒரு விரற்கடை நகர்ந்து
நின்றது.
அவர் செய்தித்தாளிலிருந்து தலை தூக்கவில்லை.

சமையலறைக் கதவு ஆடித் திறந்தபோது
உள்ளே ஒரு பையன்
ஆவி பறக்கும் கிண்ணங்களை நிமிர்த்திக்கொண்டிருந்தான்,
வேகமாய், வேறெதையோ யோசித்தபடி.
அவன் சட்டை
காய்ந்திருந்தது.